திருப்பும் பட்டன்

ஜூன் 9, ஞாயிறு

கேம் பெட்டியைத் திறந்துவிட்டேன். பின்பக்க ஸ்க்ரூவின் தலையில் மூன்று வெட்டு. வீட்டில் இருக்கிற எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில் உட்காரவில்லை. கடைசியில் ஒரு பழைய பேனா மூடியை மெழுகுவத்தியில் உருக்கி, ஸ்க்ரூவின் மேல் அழுத்தி, ஆறவிட்டுத் திருகினேன். கழன்றது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இவர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "ஒடச்சுப்போடாத அம்மிணி. பம்பாய்ல வாங்குனது."

"ஒடஞ்சா ஒட்டிக்கலாமுங்க. நீங்க சும்மா இருங்க."

"சும்மாதான இருக்கறேன்."

நாக்கு தடித்து வருகிறது. வெளியாட்களுக்கு இவர் பேச்சு பாதி புரிவதில்லை. எனக்குப் புரிகிறது.

கம்பெனியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எந்த வயர் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ள எடுத்தேன். எடுத்தது எடுத்தாயிற்று, யார் எவர் என்றும் எழுதி வைக்கிறேன். இவர் என் வீட்டுக்காரர், சென்னியப்பன். லாரி ஓட்டியவர். பம்பாயில் லோடு இறக்கக் காத்துக் கிடந்த நாளில், உள்ளங்கை அளவு சாம்பல் நிறத்தில் இந்தக் கேம் பெட்டியை வாங்கினார். அதில் ஒரே ஒரு விளையாட்டுதான். மேலிருந்து கட்டைகள் விழும். நகர்த்தி, திருப்பி, சந்து இல்லாமல் அடுக்கினால் வரி அழியும். ஊரெல்லாம் இவருக்கு அதுதான் துணை. என்னோடு இருந்ததைவிட அதோடு இருந்ததுதான் அதிகம் என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது கட்டைவிரல் பட்டனை அமுக்குவதில்லை. மூளை சொல்வதைத் தசை கேட்காமல் போகிற வியாதி. ஒவ்வொன்றாகப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் கலாமணி. இங்கே கணபதிப் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்கிற கம்பெனியில் வயரிங் வேலை. பச்சைப் பட்டன் அமுக்கினால் ஓடும், சிவப்பு அமுக்கினால் நிற்கும், அதுதான் என் பிழைப்பு. தோட்டத்தில் இருக்கிற மோட்டாருக்கு வீட்டு வாசலில் பட்டன் வைத்துக் கொடுக்கிறோமே, இதற்கு மட்டும் முடியாதா? உள்ளே இருக்கிற ஒவ்வொரு பட்டனிலிருந்தும் வயரை வெளியே இழுத்து ஒரு பெட்டியில் கொண்டுவந்துவிட்டால், எந்த விரலில் உயிர் இருக்கிறதோ அங்கே ஸ்விட்ச் வைக்கலாம்.

ஜூன் 12

கம்பெனி. மாவு பொங்கி வழிந்து அடுப்படியெல்லாம் நாசம். இவருக்குக் கஞ்சி இரண்டு தடவை புரையேறியது.

ஜூன் 16, ஞாயிறு

அடக் கெரகமே என்று ஆகிவிட்டது. பலகையில் பச்சைப் பூச்சைச் சுரண்டித்தான் செம்பை எடுக்க வேண்டும். தலைமுடி மாதிரி கோடு. இடது பட்டன் கோட்டைச் சுரண்டுகிறேன் என்று அறுத்தே விட்டேன். ஸ்டார்ட்டர் கம்பியைத் தொட்ட கைக்கு இது பிடிபடவில்லை. ஒற்றை இழைக் கம்பியை வைத்து அறுந்ததை ஒட்டுப் போட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். கீச் என்றது, ஒட்டு பிடித்துவிட்டது.

"பாஸாயிருச்சா?" என்றார்.

"பாஸுங்க."

"எனக்கே ஸ்டார்ட்டர் மாட்டறியாக்கும்."

கம்பெனியில் கழித்துப் போட்ட சின்னத் தகரப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதில் இயர்போன் சொருகுகிற மாதிரி நான்கு ஓட்டை. மேலே பெயிண்டால் எழுதினேன்: இடது, வலது, திருப்பு, விடு. 'விடு' என்றால் கட்டை சட்டென்று கீழே இறங்கும்.

ஜூன் 23, ஞாயிறு

ஓடுகிறது! நான்கு விரலுக்கு நான்கு ஸ்விட்ச். லேசாகத் தொட்டாலே போதும். கேம் பெட்டியைக் கட்டிலுக்கு மேலே பிடித்து வைக்க ஏதும் தோதாக அமையவில்லை. லாரியை விற்றபோது இவர் கழற்றி வைத்துக்கொண்ட சைடு கண்ணாடிக் கம்பி பரண்மேல் இருந்தது. அதைக் கட்டில் சட்டத்தில் முறுக்கி, கண்ணாடி இருந்த இடத்தில் பெட்டியைக் கட்டினேன்.

இவர் ஆடினார். மத்தியானச் சோற்றை மறந்து ஆடினார். இவருடைய அக்கா தெய்வானை, எனக்கு நங்கை, பக்கத்து வீதிதான், நான் வேலைக்குப் போகிற நேரம் இவரைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இவரைத் தூக்கி வளர்த்ததே அந்த அக்காதான்.

"ஏம் புள்ள கலா, நீ இஞ்சினீருக்குப் படிச்சிருக்கோணும்."

"படிச்சிருந்தா உங்க தம்பியக் கட்டியிருக்க மாட்டனுங்க நங்கை."

மூவரும் சிரித்தோம். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 7

சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலும் நின்றுவிட்டன. இடது, வலது, விடு மூன்றையும் என் மடிக்குக் கொண்டுவந்துவிட்டேன், கம்பெனிப் பட்டன்களையே வைத்து. நகர்த்துவது நான். திருப்புவது மட்டும் இவர்.

"கிளீனர் வேல நல்லாப் பாக்கற" என்றார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

தலைக்கு ஊற்றிவிட்டு ஈரம் துவட்டும்போது ஏதோ சொன்னார். "வண்டி இனி நகராதுன்னு தெரிஞ்சா, எஞ்சின சும்மா ஓட விட்டு வெக்காத அம்மிணி. டீசல் நாத்தந்தான் மிச்சம்." எந்த வண்டியைச் சொன்னார் என்று கேட்கவில்லை. லாரியைத்தான் விற்றாகிவிட்டதே. சோப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. நங்கை தேங்காய்ப் பாலும் கச்சாயப் பலகாரமும் கொண்டுவந்தார். பாலை மட்டும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம்.

கைவிரல் எதுவும் இல்லை இப்போது. 'திருப்பு' ஸ்விட்ச் வலது காலின் கட்டைவிரலுக்குப் போயிருக்கிறது. சில நேரம் விரல் அசைகிறது, ஸ்விட்ச் வரை எட்டுவதில்லை. கட்டை கோணலாக விழுந்துவிடும். இவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கள் கம்பெனியில் பச்சைப் பட்டன் ஒற்றையாகப் போவது அபூர்வம். கிணற்றடியில் ஒன்று, வீட்டில் ஒன்று, இரண்டையும் ஜோடியாகச் சேர்ப்போம். எங்கிருந்து அமுக்கினாலும் ஓடும். அமுக்கினது யார் என்று மோட்டாருக்குத் தெரியாது. கை தானாக அப்படியே செய்துவிட்டது. 'திருப்பு' ஓட்டைக்கும் ஒரு ஜோடி போட்டு, நான் உட்கார்கிற ஸ்டூலுக்கு அடியில், கால் துடைக்கிற மிதியடிக்குள் வைத்தேன். சோதித்துப் பார்க்கத்தான்.

ஆகஸ்ட் 4

இன்று நன்றாக ஆடினார்.

ஆகஸ்ட் 20

பேச்சு போய்விட்டது. எழுத்து அட்டை எழுதி மாட்டியிருக்கிறேன். நான் விரலை வைத்துக்கொண்டே போவேன், சரியான எழுத்து வந்ததும் இவர் கண்ணை மேலே தூக்குவார். முதலில் சொன்னது 'உப்பு'. கஞ்சியில் உப்பு இல்லையாம். மூக்கில் குழாய் வழியாகப் போகிற கஞ்சிக்கு உப்பு எதற்கு என்று கத்திவிட்டு, உப்புப் போட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கால் விரலும் போனபின் புருவம்தான். நெற்றியில் துணிப் பட்டை கட்டி, நீள நாக்கு வைத்த ஸ்விட்ச்சை அதில் தைத்திருக்கிறேன். புருவம் அசைவது கண்ணுக்குத் தெரியாது, அந்த நாக்குக்கு மட்டும் தெரியும். மூச்சுக்கு மூக்கில் மாட்டுகிற மாஸ்க், பகலிலும் வேண்டியிருக்கிறது.

இன்று இதுவரை எடுக்காத அளவுக்குப் புள்ளி எடுத்தார். நங்கை வீதியெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "என்ற தம்பி புருவத்துலயே ஆடறான்." இவர் கண்ணைத் தூக்கவும் இல்லை, சிரிப்பும் இல்லை. அசதி போல.

செப்டம்பர் 22

நன்றாகத்தான் ஆடுகிறார். மிதியடி ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர் நிவேதிதா வந்தார். மாஸ்க் இனி ரொம்ப நாள் போதாது என்றார். அடுத்தது, தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து மிஷினில் மூச்சு. அப்படி வைத்தால் வருஷக்கணக்காகக்கூட இருக்கலாம், ஆனால் அசைவு எதுவும் திரும்பாது, கண்ணும் ஒருநாள் நின்றுவிடலாம். வேண்டாம் என்றால், மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து, கூடவே இருந்து பார்த்துக்கொள்வார்களாம்.

"வெச்சுருங்க" என்றார் நங்கை, டாக்டர் முடிப்பதற்குள்.

"அவரு சொல்லணும்மா. கண்ண வெச்சு நீங்க ஒண்ணு படிக்கிறீங்க, இவங்க ஒண்ணு படிக்கிறாங்க. அவரே சொன்னதா இருக்கணும்."

"அவன் பட்டனே அமுக்குவான். எவ்வளவு ஆட்டம் ஆடறான் தெரியுமா" என்று நங்கை கேம் பெட்டியைக் காட்டினார். டாக்டருக்கு ரொம்பச் சந்தோஷம். இதைவிடத் தெளிவாக வேறென்ன வேண்டும் என்றார்.

ஆட்டத்தைப் போட்டேன். மடியில் இருந்த பட்டன்களை டாக்டர் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். நான் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"சென்னியப்பன் சார், மிஷின் வேணும்னா வர்ற கட்டையத் திருப்புங்க. வேண்டாம்னா அப்படியே விழ விட்ருங்க."

கட்டை வந்தது. பாதி தூரம் இறங்கியது. இன்னும் இறங்கியது. அடியில் முட்டப் போகிற நேரம் திரும்பியது. நங்கை, "சாமீ" என்று இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒரே ஒரு தடவ மாத்திக் கேட்டுக்கறேன்" என்றார் டாக்டர். "இப்ப, வேண்டாம்னா திருப்புங்க."

கட்டை மேலே தலை காட்டியதுமே திரும்பியது.

டாக்டர் யோசித்தார். இரண்டுக்கும் திருப்பியிருக்கிறார், களைத்திருப்பார், எதையும் எழுத முடியாது, அடுத்த செவ்வாய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் டாக்டரைப் பார்க்கவே இல்லை. என் ஸ்டூலின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 9

தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கம்பெனியில் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் இடுக்கி, மீட்டர், பற்றவைக்கிற கருவி, கேம் பெட்டி, தகரப் பெட்டி, நெற்றிப் பட்டை எல்லாவற்றையும் துடைத்து மணைமேல் வைத்துச் சந்தனம் வைத்தேன். மிதியடிக்குள் இருந்ததையும் எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. அதுவும் ஆயுதம்தானே. நங்கை, "இதென்ன புள்ள, ஒண்ணு எச்சா இருக்குது?" என்றார். "ஸ்பேருங்க" என்றேன்.

பூஜைக்கு வைத்ததை நாளை வரை தொடக்கூடாது. விளையாட்டு இல்லை. இவருக்கு ஒரு ஸ்விட்ச்சும் இல்லை, எனக்கும் இல்லை. நங்கை போனபின் இவர் எழுத்து அட்டையையே பார்த்தார். எடுத்தேன்.

மி. தி. க். கா. தே.

"எப்பத்திருந்துங்க தெரியும்?" என்றேன்.

மு. த. ல்.

முதலிலிருந்தே தெரியுமாம். அப்படியென்றால் ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். மறுபடியும் அட்டை. பொறுமையாகக் கண்ணைத் தூக்கித் தூக்கி முடித்தார்: 'நீ சிரிச்சே.'

அக்டோபர் 13, ஞாயிறு

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். முதல் கட்டையைத் திருப்பியது நான். இரண்டாவதைத் திருப்பியது இவர். இவர் களைக்கவும் இல்லை, குழம்பவும் இல்லை.

எனக்கு இவர் வேண்டும். மிஷினோடு சேர்த்துக் கட்டி வைத்தாவது வேண்டும். கண் நின்றுபோனாலும், தொட்டால் சூடு இருக்குமே, அது போதும். இத்தனை வருஷம் ரோட்டில் விட்டுவிட்டு இப்போதுதான் வீட்டில் இருக்கிறார், அதற்குள் போகிறேன் என்றால் என்ன அர்த்தம்? ஆத்திரமாக வருகிறது. காலையில் முகம் துடைக்கும்போது அழுத்தித் தேய்த்துவிட்டேன். கன்னம் சிவந்துவிட்டது. அப்புறம் அந்தக் கன்னத்திலேயே என் கன்னத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன்.

டீசல் நாற்றம் என்று இவர் சொன்னது எந்த வண்டியை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

அக்டோபர் 15, செவ்வாய்

டாக்டர் வருவதற்கு முன்னால் இடுக்கியை எடுத்து ஜோடி வயரை வெட்டினேன். வெட்டின முனை இரண்டையும் டேப் சுற்றி இவர் கண்ணுக்கு நேரே காட்டினேன். கண்ணைத் தூக்கினார்.

டாக்டரும் நங்கையும் வந்து உட்கார்ந்ததும், "போன தடவ மொதக் கட்டையத் திருப்புனது நானுங்க. காலுல ஒரு ஸ்விட்ச் இருந்துச்சு" என்றேன். டாக்டர் என் தோளைத் தொட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஸ்டூலில் இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"மிஷின் வேணும்னா திருப்புங்க."

கட்டை வந்தது. எனக்குக் கால் துடித்தது. இரண்டு முட்டியையும் கையால் பிடித்துக்கொண்டேன். திருப்புங்க, திருப்பித் தொலைங்க என்று மனசுக்குள் கத்தினேன். அது வந்தபடியே இறங்கி, அடியில் உட்கார்ந்தது.

"வேண்டாம்னா திருப்புங்க."

திரும்பியது. டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். மறுபடியும் திரும்பியது.

டாக்டர் எழுதிக்கொண்டார். நங்கை எழுந்து என் எதிரே வந்து நின்றார். "அன்னிக்கு மிதிச்சவதான நீ? இன்னிக்கும் மிதிச்சிருக்கலாமல்ல? என்ற தம்பியக் கொன்னுட்டயே புள்ள!" செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டார்.

செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன். இவர் அட்டையைக் கேட்டார். 'ஓட்டு' என்றார். பட்டன்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்த்தினேன். இவர் திருப்பினார். நாலில் ஒன்றுதான் திரும்பியது. கோணல்மாணலாக அடுக்கி, சீக்கிரமே தோற்றோம். இவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது, கண்ணில் மட்டும். ஆகஸ்டிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இவருக்கு எண்ணெய் தொட்டு வைத்தேன். நங்கை வரவில்லை, யார் கையிலோ அதிரசம் கொடுத்தனுப்பியிருந்தார். வெடிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆட்டம். ஒரே ஒரு வரி அழிந்தது. இவரே திருப்பிய நீளக் கட்டை, சரியாகச் சந்தில் போய் இறங்கியது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நவம்பர் 10

மருந்து கூட்டியிருக்கிறார்கள். நங்கை வந்துவிட்டார். என்னோடு பேசுவதில்லை. தம்பியின் காலை மடியில் வைத்துக்கொண்டே இருக்கிறார். பட்டையை இன்று கட்டவில்லை, தூங்கட்டும்.

நவம்பர் 13

இவர் காலையில் போய்விட்டார். திணறவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

காரியமெல்லாம் முடிந்து, வந்த ஒறம்பரைச் சனமெல்லாம் போய், வீடு வீடாக இல்லை. கட்டிலை நகர்த்த மனசு வரவில்லை. கண்ணாடிக் கம்பியில் கேம் பெட்டி அப்படியே தொங்குகிறது, வயரைக் கழற்றிய நெற்றிப் பட்டையும்.

மத்தியானம் நங்கை வந்தார். சோறு போட்டேன், சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அதப் போடு புள்ள, பாக்கலாம்" என்றார். இத்தனை நாள் கழித்து என்னோடு பேசிய முதல் பேச்சு.

புது பேட்டரி போட்டேன். வலதும் 'விடு'வும் என் கையில். இடது பட்டனை அவர் கையில் கொடுத்தேன். கட்டைகள் வர ஆரம்பித்தன. நங்கைக்கு எதுவும் தெரியவில்லை, எல்லாவற்றையும் ஒரே மூலையில் கொண்டுபோய்க் குவித்தார். ஒரு நீளக் கட்டை படுத்தவாக்கில் வந்தது. ஓரத்தில் அதற்கென்றே ஒரு சந்து காத்திருந்தது.

"இத நிமுத்த முடியாதா?"

"முடியாதுங்க."

அவர் தகரப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "திருப்புன்னு எழுதிருக்குதே. ஓட்டை சும்மா கெடக்குது. ஒண்ணு சொருகுனா திருப்பலாமல்ல?"

"திருப்பலாமுங்க நங்கை."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் தொங்குகிற பட்டையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. நீளக் கட்டை வந்தபடியே படுத்தவாக்கில் இறங்கி, சந்தை மூடிவிட்டது. அதற்குமேல் இன்னும் நாலைந்து கட்டை விழுந்து, திரை நிரம்பி, ஆட்டம் நின்றது.

"இன்னொருக்காப் போடு" என்றார்.

போட்டேன்.